எல்லை அடைத்தாலும் மாத்திரை நிற்கக் கூடாது: கேரள எல்லையில் எச்.ஐ.வி. சிகிச்சை, கேள்வி பதில்

கம்பம், கூடலூர், போடியிலிருந்து ஜீப்பில் ஏலத் தோட்டத்துக்குப் போய் வருகிறவர்கள், வண்டிப்பெரியாறு, பீர்மேடு லயங்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) குடியிருப்பவர்கள், வாளையாறு தாண்டிப் போகும் லாரி ஓட்டுநர்கள், செங்கோட்டையிலும் களியக்காவிளையிலும் அன்றாடம் எல்லை கடப்பவர்கள் என இங்கே பலருக்கு வீடு ஒரு மாநிலம், வேலை ஒரு மாநிலம். இவர்களில் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குச் சிகிச்சையும் பல சமயம் எல்லைக்கு அந்தப் பக்கம்தான். 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தபோது இவர்களுக்கு ஏற்பட்ட சிக்கல் நகரத்தில் இருப்பவர்களுக்கு வந்ததைவிட வேறு வகை. எல்லை அடைபடுவது கொரோனாவோடு முடிந்துவிடவில்லை. நிபா வந்தாலும் சோதனை கெடுபிடியாகிறது. 2018 வெள்ளத்தில் இடுக்கியின் மலைப்பாதைகள் நாள்கணக்கில் துண்டிக்கப்பட்டுக் கிடந்தன. அதனால் இந்தப் பதில்கள் அடுத்த முறைக்கும் சேர்த்துத்தான்.

பெருந்தொற்று நேரத்தில் எச்.ஐ.வி. சிகிச்சையில் உண்மையில் என்ன தடைப்பட்டது?

மூன்று விஷயங்கள். முதலாவது போக்குவரத்து. மருந்து மையத்தில் இருந்தாலும் அதை வாங்கப் போக பஸ் இல்லை, ஜீப் இல்லை. குமுளியிலிருந்து தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கும் க.விலக்குக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர். கோட்டயம் மருத்துவக் கல்லூரிக்கோ 100 கிலோமீட்டருக்கு மேல். நடந்து போகிற தூரம் இல்லை. சொந்த ஊரில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வேண்டுமென்றே தூரத்து மையத்தில் பதிந்தவர்களும் நிறையப் பேர். மற்ற நாளில் அவர்களைக் காப்பாற்றிய அந்தத் தூரமே ஊரடங்கில் அவர்களைத் தவிக்கவிட்டது.

இரண்டாவது பரிசோதனை. மூக்குச்சளி மாதிரி எடுக்க ஆய்வகப் பணியாளர்களை அனுப்பினார்கள். காசநோய்க்கு வைத்திருந்த ட்ரூநாட், ஜீன்எக்ஸ்பர்ட் கருவிகள் கொரோனாவுக்குப் போயின. தொற்று இருப்பதே தெரியாமல் எத்தனையோ பேர் அந்தக் காலத்தைக் கடந்தார்கள். உலக அளவில், எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஒழிப்புக்கு உதவும் குளோபல் ஃபண்ட் நிதி தரும் நாடுகளில் 2019-ஐவிட 2020-இல் எச்.ஐ.வி. பரிசோதனை 22 சதவீதம் குறைந்தது. தடுப்புப் பணிகள் சென்றடைந்தவர்கள் எண்ணிக்கை 11 சதவீதம் குறைந்தது.

மூன்றாவது மருந்து வரத்து. உலகுக்கு வேண்டிய எச்.ஐ.வி. மாத்திரைகளில் பெரும்பங்கு இந்தியத் தொழிற்சாலைகளில்தான் தயாராகிறது. மூலப்பொருளும் சரக்கு விமானமும் தடைப்பட்டதும் 73 நாடுகள் மருந்து தீர்ந்துபோகும் அபாயம் இருப்பதாகச் சொன்னதாக உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூலையில் அறிவித்தது. அவற்றில் 24 நாடுகளில் இருப்பு ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது, அல்லது வரத்தே தடைப்பட்டிருந்தது.

எங்கள் பார்வையில் எல்லை ஊர்க்காரர்களுக்கு முதல் காரணமே பெரியது. மருந்து வாங்க ஒரே ஒரு வழியை மட்டும் நம்பியிருந்தவர்களுக்குத்தான் சிகிச்சை அறுந்தது. இரண்டாவது வழி ஒன்றை முன்கூட்டியே திறந்து வைத்துக்கொள்வதுதான் இங்கே உள்ள எல்லாப் பதில்களுக்கும் அடிப்படை.

செக்போஸ்ட்டை அடைத்துவிட்டார்கள். என் மையம் தமிழ்நாட்டுப் பக்கம், நான் தோட்டத்தில். கையில் பத்து மாத்திரைதான் இருக்கிறது. என்ன செய்வது?

பத்து நாள் என்பது போதுமான நேரம்தான். இன்றே தொடங்கினால் போதும். பத்து ஐந்தாகும் வரை காத்திருக்காதீர்கள்.

முதலில் மையத்தில் கொடுத்த பச்சைப் புத்தகத்தைத் தேடி எடுங்கள். சிகிச்சைப் பதிவு எண், சாப்பிடும் மருந்தின் பெயர், கடைசியாக எந்தத் தேதியில் எத்தனை மாத்திரை கொடுத்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தப் பக்கங்களைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புத்தகம் ஊரில் இருந்தால் வீட்டிலுள்ள நம்பிக்கையான ஒருவரை எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். புத்தகமே இல்லாவிட்டாலும் மாத்திரை டப்பாவின் லேபிளைப் படம் எடுத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

அடுத்து உங்கள் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை) மையத்தின் ஆலோசகருக்குப் போன் செய்யுங்கள். "நான் இன்ன ஊரில் மாட்டிக்கொண்டேன், இத்தனை மாத்திரை இருக்கிறது, பக்கத்து மையத்தில் வாங்க ஏற்பாடு செய்யுங்கள்" என்று இந்த மூன்றையும் தெளிவாகச் சொல்லுங்கள். ஊரடங்கில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அருகிலுள்ள எந்த மையமும் மருந்து கொடுக்கலாம் என்று நாக்கோ என்னும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-லேயே வழிகாட்டியது. கேரளத்தில் ஏ.ஆர்.டி. மையத்தின் பெயர் உஷஸ், பரிசோதனை மையத்தின் பெயர் ஜ்யோதிஸ். தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம் என்று சொல்வதும் இந்த ஜ்யோதிஸும் ஒன்றுதான். அரசு மருத்துவமனையில் ஜ்யோதிஸ் எங்கே என்று கேட்டுப் போனால் அங்குள்ள ஆலோசகர் அருகிலுள்ள உஷஸுக்கோ, அதோடு இணைந்த லிங்க் மையத்துக்கோ வழிகாட்டுவார்.

அங்கே போனதும், இது தற்காலிகமா, நிரந்தர மாற்றமா என்று கேட்பார்கள். தெளிவாகப் பதில் சொல்லுங்கள். நிரந்தரம் என்று பதிந்துவிட்டால் ஊர் திரும்பியதும் மறுபடி மாற்றல் வாங்கி அலைய வேண்டிவரும். ஒன்றிரண்டு மாதத்துக்கு என்றால் தற்காலிகம் என்றே சொல்லுங்கள். கொடுத்த மாத்திரை எண்ணிக்கையையும் தேதியையும் உங்கள் புத்தகத்தில் குறிக்கச் சொல்லுங்கள். குறிக்காவிட்டால் உங்கள் சொந்த மையத்தின் கணக்கில் நீங்கள் மருந்து வாங்க வராதவராகவே இருப்பீர்கள்.

எப்போதும் எத்தனை மாத்திரை கையில் இருக்க வேண்டும்?

முப்பது. அடுத்த டப்பா வாங்கும் நாளில் வீட்டில் திறக்காத ஒரு டப்பா இருந்தால் ஒரு மாத ஊரடங்கைத் தாங்கலாம். உடல்நிலை நிலையாக இருப்பவர்களுக்கு மூன்று மாத மருந்தை ஒரே தடவையில் கொடுக்கும் முறை பெருந்தொற்றில் பரவலானது. நீங்கள் அதற்குத் தகுதியா என்று கேளுங்கள். கேட்டால்தான் பல இடங்களில் கொடுப்பார்கள். எல்லையைத் தாண்டி வேலைக்குப் போகிறேன் என்பதே சொல்லத்தக்க காரணம். நீங்கள் வர முடியாத நாளில் யார் வந்து வாங்குவார்கள் என்பதையும் மையத்தில் முன்னாலேயே பதிந்து வையுங்கள்.

கூடுதல் மாத்திரையைப் பத்திரமாக வைப்பதும் முக்கியம். டப்பாவுக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தைத் தூக்கிப் போடாதீர்கள். மாத்திரைகளை வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள். மலையில் மழைக்காலம் முழுக்க ஈரம்தான், அடுப்பு மேடையும் ஜன்னலோரமும் சரிப்படாது. லயத்தில் ஒரே அறையில் பலர் தங்குகிறீர்கள், லேபிளை மற்றவர் பார்ப்பார்களோ என்று பயந்தால் டப்பாவோடு ஒரு துணிப்பைக்குள் போட்டு டிரங்குப் பெட்டியில் வையுங்கள். லேபிளைக் கிழித்துவிட்டால் அவசரத்தில் என்ன மருந்து என்று எந்த மருத்துவருக்கும் தெரியாது.

மாத்திரை குறைவாக இருக்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டு நாளைக் கடத்தலாமா?

வேண்டாம். கணவனும் மனைவியும் ஒரே டப்பாவைப் பகிர்ந்துகொண்டு ஆளுக்கு ஒரு நாள் என்று சாப்பிடுவதும், மாத்திரையை உடைத்துப் பாதியாக்குவதும் இதே தவறுதான்.

காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இப்போது பெரும்பாலானவர்கள் சாப்பிடும் டி.எல்.டி. மாத்திரையில் மூன்று மருந்துகள் இருக்கின்றன: டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50. மூன்றும் சேர்ந்து ரத்தத்தில் போதிய அளவில் இருக்கும்வரை வைரஸ் பெருக முடியாது. அளவு இறங்கும்போது வைரஸ் பெருகத் தொடங்கும், ஆனால் மருந்து முழுதாகப் போயிருக்காது. அந்த அரைகுறை நிலையில்தான் மருந்துக்கு அடங்காத வைரஸ் தேறி வளர்கிறது. லாமிவுடினை வெல்ல வைரஸுக்கு ஒரே ஒரு மரபணு மாற்றம் போதும். டோலுடெக்ராவிர் எளிதில் தோற்காத மருந்து, அதனால்தான் இதை முதல் வரிசையில் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் அதைத் தனியாகப் போராட விட்டால் அதற்கும் எல்லை உண்டு. பழைய எஃபாவிரென்ஸ் கலந்த மாத்திரையில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். எஃபாவிரென்ஸ் மற்றவற்றைவிட நீண்ட நாள் ரத்தத்தில் தங்குவதால், கடைசியில் அது மட்டுமே மிஞ்சி நிற்கும்.

ஆகவே இருக்கும் மாத்திரையை முழு அளவில், நேரம் தவறாமல் சாப்பிடுங்கள். தீர்வதற்குள் அடுத்ததற்கு ஏற்பாடு செய்யுங்கள். ஒரு வேளை மறந்துபோனால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளைக்கு நான்கு மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் மறந்ததை விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம்.

ஏற்கெனவே நின்று இரண்டு மாதம் ஆகிவிட்டது. போனால் திட்டுவார்களோ?

திட்டினாலும் போங்கள். திட்டு ஐந்து நிமிடம்தான். மாத்திரை நின்று சில வாரங்களிலேயே வைரஸ் மறுபடி ஏறத் தொடங்கிவிடும். போகும்போது எத்தனை நாள் விட்டது என்பதை உள்ளபடி சொல்லுங்கள். "ஒழுங்காகச் சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டால், வைரஸ் அளவு ஏறியிருப்பதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து மருத்துவர் வீணாக மருந்தையே மாற்றக்கூடும்.

மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை இருந்தால் காசநோய்ப் பரிசோதனை. சி.டி.4 என்னும் நோய் எதிர்ப்பு அணுக்களின் அளவு, ஏனென்றால் அது 350-க்குக் கீழே இறங்கியிருந்தால் வேறு தொற்றுகளைத் தடுக்கும் கோட்ரிமாக்சசோல் மாத்திரையும் தேவைப்படும். ஹெபடைட்டிஸ் பி இருந்ததா என்பது. இந்த மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. டெனோஃபோவிரும் லாமிவுடினும் ஹெபடைட்டிஸ் பி-யையும் அடக்கி வைக்கும் மருந்துகள். திடீரென நிறுத்தினால் கல்லீரல் வீக்கம் சட்டென்று கிளம்பும். கண் மஞ்சளாக இருந்தால், சிறுநீர் கடுமஞ்சளாகப் போனால் அன்றைக்கே போங்கள்.

வைரஸ் அளவு அடங்கியிருந்தால் துணைக்குத் தொற்றாது என்றார்களே, மாத்திரை நின்ற காலத்திலும் அப்படியா?

இல்லை. தொடர்ந்து சாப்பிட்டு, பரிசோதனையில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கியிருப்பவர்களுக்குத்தான் அது பொருந்தும். நின்றுபோன நாளிலிருந்து, மறுபடி தொடங்கி வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு) அடங்கியது என்று மருத்துவர் சொல்லும்வரை ஆணுறை கட்டாயம்.

செக்போஸ்ட்டில் போலீசார் எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டால் நோயைச் சொல்ல வேண்டுமா?

வேண்டியதில்லை. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரையும் தன் எச்.ஐ.வி. நிலையைச் சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது அது. ஆனால் இரவு ஒன்பது மணிக்குத் தடுப்புக் கம்பியின் முன்னால் நின்று சட்டம் பேசுவதைவிடக் கையில் ஒரு தாள் இருப்பது மேல். மருத்துவமனை முத்திரையோடு, "தொடர் சிகிச்சைக்காக இந்தத் தேதியில் வர வேண்டும்" என்று மட்டும் எழுதி, நோயின் பெயரோ பிரிவின் பெயரோ இல்லாத கடிதம் ஒன்றை மையத்தில் கேட்டு வாங்குங்கள். பெரிய மருத்துவமனையின் பொதுத் தலைப்புத்தாளில் இருந்தால் நல்லது. பச்சைப் புத்தகத்தை எடுத்துக் காட்டத் தேவையில்லை.

கொரோனா நேரத்தில் கொடுத்த சத்து மாத்திரை, ஜிங்க், கபசுரக் குடிநீர் எல்லாம் இதோடு சாப்பிடலாமா?

இதில் கவனம் தேவை. ஜிங்க் என்னும் துத்தநாகம், இரும்புச்சத்து, கால்சியம், வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் மருந்துகளில் உள்ள அலுமினியம், மெக்னீசியம் எல்லாம் குடலுக்குள்ளேயே டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாது. தினமும் ஒழுங்காக டி.எல்.டி. போட்டும் வைரஸ் அடங்காதவர்களில் சிலருக்குக் காரணம் இதுவாக இருக்கலாம். டி.எல்.டி.யைப் போட்டு இரண்டு மணி நேரம் கழித்து இவற்றைச் சாப்பிடுங்கள். இவற்றை முதலில் சாப்பிட்டுவிட்டால் டி.எல்.டி.க்கு ஆறு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளை மட்டும் சாப்பாட்டோடு சேர்த்து டி.எல்.டி.யுடன் ஒன்றாகவே போடலாம். வயிற்றெரிச்சல் மருந்துக்கு இந்தச் சலுகை இல்லை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள், டோலுடெக்ராவிரோடு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

கபசுரக் குடிநீர் உட்பட எந்தக் கஷாயம் குடித்தாலும் அது ஏ.ஆர்.டி.க்கு மாற்று ஆகாது. குடிப்பதை மையத்தில் சொல்லிவிடுங்கள்.

எச்.ஐ.வி. மருந்து கொரோனாவைத் தடுக்கும் என்று அப்போது பேசிக்கொண்டார்களே?

லோபினாவிர், ரிட்டோனாவிர் என்ற பழைய எச்.ஐ.வி. மருந்தை 2020-இன் தொடக்கத்தில் கொரோனாவுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை என்று தெரிந்ததும் 2020 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் தன் ஆய்வில் அதை நிறுத்தியது. நீங்கள் சாப்பிடும் மாத்திரை கொரோனாவுக்குக் கவசம் இல்லை. அதை வேறு யாருக்கும் கொடுக்கவும் கூடாது.

கொரோனா தடுப்பூசி போடலாமா?

போடலாம், போடத்தான் வேண்டும். 2021 மார்ச்சில் 45 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கு முன்னுரிமை தந்த இணைநோய்ப் பட்டியலிலேயே எச்.ஐ.வி. இருந்தது. சி.டி.4 குறைவாக இருப்பவர்களுக்குக் கொரோனா கடுமையாகும் ஆபத்து அதிகம்.

கர்ப்பிணி நான். எல்லையில் மாட்டிக்கொண்டால் குழந்தைக்கு என்ன?

தாய் மாத்திரையை ஒரு நாளும் விடாமல் இருப்பதே குழந்தைக்குக் கிடைக்கும் முதல் பாதுகாப்பு. அதற்கு அடுத்தது பிறந்த உடனே தொடங்கும் சொட்டு மருந்து. பெரும்பாலும் நெவிரபின் சிரப், குறைந்தது ஆறு வாரம். தாய்க்குக் கடைசி மாதங்களில்தான் சிகிச்சை தொடங்கியது, அல்லது நடுவில் நின்றது என்றால் இதை நீட்டிப்பார்கள், இரண்டாவது மருந்தையும் சேர்ப்பார்கள். அதனால் நின்ற நாள்களை மறைக்காதீர்கள்.

பிரசவம் எந்தப் பக்கம் நடக்கும் என்பதை ஏழாம் மாதத்திலேயே முடிவு செய்யுங்கள். தாய்வீடு கம்பம், கணவன் வேலை வண்டிப்பெரியாறு என்றால், இரண்டு பக்கத்து மையத்திலும் தகவல் இருக்கட்டும். பெயர் பதியாத மருத்துவமனைக்கு வலியோடு போனால், அங்கே சிரப் கையிருப்பு இருக்கிறதா என்பதையே அப்போதுதான் தேடுவார்கள்.

ஆறாவது வாரத்தில் குழந்தையின் குதிகாலில் குத்தி, தடித்த காகித அட்டையிலுள்ள வட்டங்களில் ரத்தச் சொட்டு வைத்து எடுப்பார்கள். ஒவ்வொரு வட்டமும் நிறைய வேண்டும். வெயில் படாமல் தானாகக் காய வேண்டும், ஊதியோ விசிறியோ காயவைக்கக் கூடாது. காய்ந்த அட்டையை ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு உறையில் போட்டு அனுப்புவார்கள். இது குளிர்பெட்டி இல்லாமலே தாங்கும் முறை என்பதால் ஊரடங்கிலும் செய்ய முடிந்தது. கூரியர் நின்ற இடங்களில் முடிவு வரத்தான் தாமதமானது. முடிவு வரவில்லை என்றால் குழந்தைக்குத் தொற்று இல்லை என்று அர்த்தமில்லை. விடாமல் கேளுங்கள். ஆறு மாதத்திலும் பன்னிரண்டு மாதத்திலும் மறுபடி பார்த்து, பதினெட்டு மாதத்தில்தான் உறுதி செய்வார்கள்.

சிகிச்சையில் உள்ள பிள்ளைக்கும் மூன்று மாத மருந்து வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் பிள்ளைகளுக்கு அளவு எடையைப் பொறுத்தது. மூன்று மாதத்தில் இரண்டு கிலோ ஏறிய குழந்தைக்குப் பழைய அளவு போதாமல் போகலாம். மாதம் ஒரு தடவை அங்கன்வாடியில் எடை பார்த்து, மையத்துக்குப் போனில் சொல்லிவிடுங்கள்.

காசநோய் மருந்தும் சேர்ந்தால்?

ரிஃபாம்பிசின் உள்ள காசநோய்ச் சிகிச்சை டோலுடெக்ராவிரைச் சீக்கிரம் உடைத்து வெளியேற்றிவிடும். அதனால் டி.எல்.டி.க்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் தனி மாத்திரை ஒன்று கூடுதலாகத் தர வேண்டும். காசநோய் மருந்து ஒரு ஊரில், ஏ.ஆர்.டி. இன்னொரு ஊரில் வாங்குகிறவர்களுக்கு இது விடுபடும் ஆபத்து அதிகம். இரண்டு இடத்திலும் மற்றதைப் பற்றிச் சொல்லுங்கள், "எனக்கு இரண்டாவது மாத்திரை உண்டா" என்று நீங்களே கேளுங்கள்.

வைரல் லோடு பரிசோதனை தள்ளிப்போய்விட்டது. பயப்பட வேண்டுமா?

ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு ஓரிரு மாதத் தாமதம் பெரிய விஷயமில்லை. பரிசோதனை நடக்கவில்லை என்பதற்காக மருந்தை நிறுத்தவோ மாற்றவோ கூடாது. மருந்து விட்டுப்போனவர்களும் கர்ப்பிணிகளும் மட்டும் காத்திருக்காமல் கேட்டு வாங்க வேண்டும்.

தடுப்பு விஷயத்தில் என்ன செய்வது? ஆணுறை கொடுக்க வருகிறவர்களும் வரவில்லையே.

ஊரடங்கில் மிக வேகமாக நின்றது இதுதான். வாளையாறில் நாள்கணக்கில் வரிசையில் நின்ற லாரிகளுக்கும், வேலையிழந்த பாலியல் தொழிலாளர்களுக்கும், திருநங்கைகளுக்கும் நேரில் போய்ப் பேசுகிற களப்பணியாளர்கள் வீட்டுக்குள் முடங்க வேண்டியிருந்தது. வருமானம் நின்றவர், ஆணுறை வேண்டாம் என்று சொல்லும் வாடிக்கையாளரை மறுக்கும் நிலையில் இல்லை. தொற்று பரவும் இடம் இதுதான். ஆணுறையைக் கணக்குப் பார்த்துக் கொடுக்காமல், ஒரு மாதத்துக்கு வேண்டியதை முன்னாலேயே தந்துவிட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. பெட்டிக்கடை, டீக்கடை, ஜீப் ஸ்டாண்டு என ஊரடங்கிலும் எங்கே ஆள் நிற்பார்களோ அங்கேயே வைக்கலாம்.

ஆணுறை கிழிந்தாலோ, வன்கொடுமை நடந்தாலோ, பயன்படுத்திய ஊசி குத்தினாலோ 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் மிக நல்லது. 28 நாள் முழுதாகச் சாப்பிட வேண்டும். எல்லை திறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், நீங்கள் இருக்கும் பக்கத்திலேயே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஆந்திர எல்லையில் இருக்கிறோம், நகரி, புத்தூர், குப்பம் பக்கம். எங்களுக்கும் இதேதானா?

மருந்தும் முறையும் ஒன்றுதான், நாடு முழுக்க ஒரே திட்டம். தெலுங்கில் எழுதிய சீட்டை வேலூரில் படிக்கச் சிரமப்பட்டால் பச்சைப் புத்தகத்தில் உள்ள பதிவு எண்ணும் மாத்திரை டப்பாவும் போதும்.

பெருந்தொற்றே இல்லாத நேரத்தில் மருந்து தீர்ந்துபோகுமா?

போகலாம். 2022 ஜூலையில் டோலுடெக்ராவிர் தட்டுப்பாடு என்று டெல்லி நாக்கோ அலுவலகத்தின் முன் சிகிச்சையில் உள்ளவர்களே வாரக்கணக்கில் தர்ணா இருந்தார்கள். மூன்று மாதம் கொடுத்துவந்த மையம் திடீரென ஒரு வாரத்துக்கு மட்டும் கொடுத்தால் அது இருப்பு குறைவதன் அறிகுறி. அன்றே மற்ற மையத்தையும் விசாரியுங்கள். நாட்டின் எய்ட்ஸ் உதவி எண் 1097. கட்டணமில்லை, பெயர் சொல்ல வேண்டியதில்லை. எந்த மாவட்டத்தில் நிற்கிறீர்கள், கையில் எத்தனை மாத்திரை என்பதை மட்டும் முதலில் சொல்லுங்கள்.